கர்சீப் போட்ட இடம்

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலைப் பாசஞ்சரில் ஒரே ஒரு சட்டம்தான் செல்லும். சீட்டில் கர்சீப் கிடந்தால் அங்கே ஆள் உட்கார்ந்திருப்பதாக அர்த்தம். கர்சீப்புக்குச் சொந்தக்காரர் நாலு ஸ்டேஷன் தள்ளி ஏறினாலும் சரி, பெட்டிக்குள் கால் வைக்க இடமில்லாமல் ஜனம் பிதுங்கினாலும் சரி, அந்த இடத்தை யாரும் தொடமாட்டார்கள். விவரம் தெரியாமல் உட்கார்ந்துவிடும் வெளியூர்க்காரர்களை நாங்கள் திட்டுவதுகூட இல்லை. சும்மா பார்ப்போம். பெட்டி முழுக்கப் பார்க்கும். மனுஷன் தானாகவே எழுந்துவிடுவான்.

என் பெயர் குணசுந்தரி. கல்யாணமான புதிதில் கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து அந்த ரயிலில் ஏறியவள், இன்னும் இறங்கியபாடில்லை. பெங்களூரில் குழந்தைகள் நலத்துறையில் ஸ்டெனோ வேலை. வாய் கொஞ்சம் நீளம் என்று ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. வாய் நீளமில்லாதவர்கள் அந்த ஆபீசில் என்ன சாதித்தார்கள் என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் பெட்டியில் எனக்கு இரண்டு கூட்டாளிகள். ஃப்ளோரா தொழிலாளர் துறையில் என்னைப்போலவே ஸ்டெனோ. கங்கம்மா கல்வித் துறையில் அட்டெண்டர். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் கன்னடம், ரயிலில் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். வேடிக்கை என்னவென்றால், எங்கள் மூன்று துறைகளும் பெங்களூரில் ஒரே கட்டடத்தில்தான் இருந்தன. இரண்டாம் மாடி ஃப்ளோராவுக்கு, மூன்றாம் மாடி எனக்கு, நான்காம் மாடி கங்கம்மாவுக்கு. காலையில் ஒன்றாக லிஃப்டில் ஏறிப் பிரிவோம், சாயங்காலம் ஒன்றாக இறங்குவோம்.

2001 மார்ச்சில் எங்கள் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அந்த ஊரில் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், சாம்பியன் ஸ்டேஷனில் ராஜேந்திரன் என்கிற மேஸ்திரி எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் பெட்டியில் ஏற ஆரம்பித்தான். பிள்ளைகளைக் கதவோரம் தரையில் உட்காரவைத்துவிட்டு, அவன் மட்டும் ஜன்னலோரம் சாய்ந்துகொள்வான். கேட்டால், "டிரெய்னிங்குக்குப் போறாங்கோ" என்பான்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி பல்லவி. என் தெருவுக்குப் பின்தெரு. அவள் அப்பா முனியப்பன், சுரங்க ஷாஃப்டில் டோக்கன் ஆபீசில் இருந்தவர். கூண்டில் இறங்குகிறவன் ஒவ்வொருவனும் அவரிடம் ஒரு பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டு இறங்குவான், ஷிஃப்ட் முடிந்து ஏறும்போது வாங்கிக்கொள்வான். பலகையில் ஒரு டோக்கன் மிஞ்சினாலும் கீழே ஒருவன் இருக்கிறான் என்று பொருள். அப்படிப்பட்ட மனுஷன் மகளை இந்த மேஸ்திரியோடு அனுப்புகிறாரே என்று எனக்கு முதலில் வயிறு எரிந்தது. பிறகு அவர் வீட்டு அடுப்பை ஒருநாள் பார்த்தேன். அதன்பிறகு அவரை ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பல்லவிதான் ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்றாள். பன்னிரண்டு வயசுப் பெண். உள்ளங்கை இரண்டும் கரிபிடித்து, ரேகைகூடத் தெரியவில்லை.

"இன்னாடி கை இது?" என்றேன்.

"ஊதுபத்தி உருட்டுறோம் ஆன்ட்டி. கரிமாவு. சோப்பு போட்டாலும் போவமாட்டேங்குது."

"இஸ்கூலு?"

"ரோல்ல பேர் கீது ஆன்ட்டி. நான்தான் இல்ல" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாளே எங்கள் சாரிடம் போய்ச் சொன்னேன். எங்கள் சார் கெட்டவர் இல்லை. மேஜைமேல் கையை வைத்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான். "பெண்ணைக் காப்பாற்ற வேண்டியது நம் பொறுப்புதான் அம்மா. ஆனால் அது வேலைதான் செய்கிறது என்று தொழிலாளர் துறை சொல்ல வேண்டுமே" என்றார். ஃப்ளோரா தன் அதிகாரியிடம் கேட்டாள். அவர் ஒரு அம்மா, லேபர் அம்மா என்போம், சுறுசுறுப்பானவர்தான். "பட்டறை பெங்களூரில், பெண் கோலார் ஜில்லாவில். எந்த ஜில்லா கேஸ் போடுவது? வயசுக்குப் பள்ளிக்கூடம் அல்லவா சான்று தரவேண்டும்?" என்றாராம். நான்காம் மாடியில் கங்கம்மா காபி டம்ளரை வைத்தபடியே விஷயத்தைக் கிளப்பினாள். கல்வி அதிகாரி மாணவர் பெயர்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "பெயர் இருக்கிறது. எங்கள் கணக்குப்படி அவள் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறாள்" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டார். போலீஸோ, பெற்றவர்கள் புகார் கொடுக்கட்டும் என்றது.

மூன்று வாரம் காகிதம் மாடி ஏறியது, மாடி இறங்கியது. நாங்கள் லிஃப்டில் போனோம், காகிதம் படிக்கட்டில் போனது போலிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் டைப்ரைட்டர் ரிப்பன் இரண்டு கிழிந்தன. பிள்ளையைக் காப்பாற்றச் சட்டம் இல்லையா? இருக்கிறது. அதிகாரி இல்லையா? மாடிக்கு ஒருவர் இருக்கிறார். ஆனால் அந்தப் பெண் ஒரே ஆள். அவளுடைய கை ஒரு மாடிக்கும், வயிறு ஒரு மாடிக்கும், தலை ஒரு மாடிக்கும் எப்படிப் போகும்?

ஜூலை கடைசியில் பல்லவி மறுபடி என்னிடம் வந்தாள். இந்தமுறை சிரிக்கவில்லை.

"ஆன்ட்டி, வர்ற மாசத்துலேர்ந்து அங்கியே தங்கணுமாம். கோடவுன் மேல ரூம் கீதாம். டிரெய்ன்ல வந்து போனா வேலை கெடுதுன்னு ஓனர் சொல்லிட்டாராம்."

"உங்கப்பா இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. அம்மா அழுதாங்க."

தினமும் ரயிலில் வருகிற வரைக்கும் அவளைப் பார்க்க ஒரு பெட்டி ஜனமாவது இருந்தது. கோடவுனுக்கு மேலே போய்விட்டால் பார்க்க யார் இருக்கிறார்கள்? அவ்வளவு பெரிய பெங்களூரில் எந்தச் சந்தில் போய்த் தேடுவது? அன்று மாலூர் வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை. ஃப்ளோரா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மாலூர் தாண்டியதும், "இவங்க மூணு பேரையும் நம்ம ரயில்ல ஏத்தணும்" என்றேன்.

"யாரை?"

"மூணு மாடியையும்."

கங்கம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தொடையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

காரியம் நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்தது. சுரங்கக் குடும்பங்களின் நிலைமையைப் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்லி எல்லாத் துறைக்கும் ஏற்கெனவே உத்தரவு வந்திருந்தது. எல்லோருக்கும் தங்கவயலுக்கு ஒரு டூர் பாக்கி. டூர் புரோகிராமை அதிகாரி போடுவதாகத்தான் ஊருக்குள் நம்பிக்கை. போடுவது ஸ்டெனோ. ஃப்ளோரா தன் லேபர் அம்மாவுக்கும் நான் எங்கள் சாருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையைப் போட்டோம். ஊரிகம் ஸ்டேஷன் பக்கத்துக் கெஸ்ட் ஹவுஸில் தங்கல், திங்கட்கிழமை காலை ரயிலில் திரும்பல். ரயிலா என்று சார் புருவத்தைத் தூக்கினார். ஜீப் அன்றைக்கு ரிப்பேரில் இருக்கும் சார் என்றேன். அது ரிப்பேரில் இருக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன். லேபர் அம்மாவுக்கு ஜனங்களோடு ஜனமாகப் பயணம் செய்ய ஆசை உண்டு. அதை ஃப்ளோரா கொஞ்சம் ஊதிவிட்டாள். கங்கம்மாவுக்கு டைப் அடிக்கத் தெரியாது, ஆனால் கல்வி அதிகாரியின் காதில் அதே ஞாயிற்றுக்கிழமையைப் போட்டுவைக்கத் தெரியும், அவருடைய டிரைவரும் தங்கவயலுக்குப் பக்கத்துப் பூதிகோட்டைக்காரர். அதிகாரியைக் கெஸ்ட் ஹவுஸில் இறக்கிவிட்டு, மச்சினி வளைகாப்பு என்று வண்டியோடு ஊருக்குப் போனவர் செவ்வாய்க்கிழமைதான் தலையைக் காட்டினார்.

கெஸ்ட் ஹவுஸில் மூவரும் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொண்டார்களாம். ஒரே கட்டடத்தில் ஆறு வருஷமாக இருந்தவர்கள்! சமையல்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

திங்கட்கிழமை வந்தது. பல்லவி தங்கப்போகிற நாளும் அதுதான்.

மாரிகுப்பத்தில் வண்டி காலியாக நிற்கும்போதே நாங்கள் ஏறிவிட்டோம். பெட்டி ஆட்கள் எல்லோரிடமும் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தோம். வழக்கமாகச் சீட்டுக்காகச் சண்டை போடுகிற ஃபாக்டரி ஆட்கள்கூட மறுபேச்சில்லாமல் கர்சீப்பை எடுத்துக் கொடுத்தார்கள். பெட்டியின் நடுவில் எதிரெதிராக இருந்த பெஞ்சுகள் முழுக்கக் கர்சீப் விரித்தோம். பூப்போட்டது, கட்டம்போட்டது, ஒன்று துண்டு, ஒன்று கங்கம்மாவின் முந்தானை நுனி. ரயில் கார்டு சிரில் எங்கள் ஊர்தான், ஃப்ளோராவுக்குச் சொந்தம். பச்சைக் கொடியோடு ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னா, கல்யாண கோஷ்டியா?" என்றார்.

"கல்யாணம்தான். கண்டோன்மென்ட்ல தாலி. போலீஸுக்குச் சொல்லி வை" என்றாள் ஃப்ளோரா. விஷயத்தை அவருக்கு விளக்கினோம். சிரில் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார்.

சாம்பியனில் ராஜேந்திரன் ஏறினான். பின்னால் எட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொரு துணிப்பை. கடைசியாக முனியப்பன், மகள் தங்கப்போகிற இடத்தைப் பார்த்துவிட்டு வர. அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"பசங்களா, இங்க வந்து குந்துங்க" என்று ஃப்ளோரா பெஞ்சைக் காட்டினாள். பிள்ளைகள் மேஸ்திரியைப் பார்த்துத் தயங்கினார்கள். பல்லவி முதலில் உட்கார்ந்தாள், மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ராஜேந்திரன் எதிர் பெஞ்சில் உட்காரப்போனான்.

"கர்சீப் கீது" என்றேன்.

"ஆளு இல்லியேம்மா."

"ஊரிகத்துல வருவாங்க."

"பசங்க என்கூட வந்தவங்க. நான் எங்க குந்துறது?"

"அவங்களுக்குப் போட்டோம். உனக்குப் போடல."

அவன் குரலை உயர்த்தினான். பெட்டி பார்த்தது. பெட்டி முழுக்க, பேப்பரை மடித்துவிட்டுப் பார்த்தது. இத்தனை நாள் அந்த ரயிலில் வந்தவனுக்குச் சட்டம் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே கதவுப்பக்கம் போனான். கோரமண்டலில் ஏறிய கூட்டம் அவனை இன்னும் பின்னால் தள்ளியது.

ஊரிகத்தில் மூன்று அதிகாரிகளும் ஏறினார்கள். "பன்னி சார், பன்னி" என்று கங்கம்மா கன்னடத்தில் வாங்க வாங்க என உபசாரம் செய்து, கர்சீப்களை உருவிவிட்டு அவர்களை உட்காரவைத்தாள். எதிரே எட்டுப் பிள்ளைகள். முழங்காலோடு முழங்கால் இடிக்கிற பெஞ்சு. எழுந்து போகலாமென்றால் பி.ஈ.எம்.எல். நகரில் ஏறிய கூட்டம் வழியை அடைத்து நிற்கிறது. பெங்களூர் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கொஞ்ச நேரம் மூவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். பங்காரப்பேட்டையில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு வண்டி நின்றது. பார்ப்பதற்கு வெளியே ஒன்றும் இல்லை. கடைசியில் கல்வி அதிகாரிதான் பழக்கதோஷத்தில் கேட்டார். "எந்த வகுப்பு அம்மா?"

"ஆறாவது சார்" என்றாள் பல்லவி கன்னடத்தில்.

"இன்றைக்குத் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் இல்லையா?"

"இருக்கு சார். நாங்க வேலைக்குப் போறோம். இன்னிக்குலேர்ந்து அங்கியே தங்கப்போறோம்."

லேபர் அம்மா குனிந்து பல்லவியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பக்கத்துப் பையனின் கையையும் பார்த்தார். அவர் முகம் மாறியது. "இது ஊதுபத்திக் கரி. இந்த வேலையில் குழந்தைகளை வைக்கவே கூடாது" என்றவர், உடனே எங்கள் சார் பக்கம் திரும்பி, "ஆனால் பட்டறை..." என்று ஆரம்பித்தார். எங்கள் சார், "வயசுச் சான்று..." என்று கல்வி அதிகாரியைப் பார்த்தார். கல்வி அதிகாரி, "பெயர் புத்தகத்தில்..." என்று வாயைத் திறந்தார்.

எனக்குப் பொங்கிவிட்டது. "சார்! இது ரெண்டாம் மாடி இல்ல, மூணாம் மாடி இல்ல. இது ரயில். எதிர்லயே உட்கார்ந்திருக்குது பாருங்க அந்தப் பொண்ணு. இன்னும் யாருக்குக் காகிதம் அனுப்பணும்?" என்று கத்திவிட்டேன். பதினெட்டு வருஷ சர்வீஸில் ஒரு அதிகாரியைப் பார்த்து நான் கத்தியது அதுதான் முதல் தடவை. வேலை போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

லேபர் அம்மா நிதானமாகச் சொன்னார். "கோபப்படாதீர்கள். நான் இன்றைக்கே பட்டறைக்குப் போகத் தயார். ஆனால் பெற்றவர்களே சம்மதித்து அனுப்பினார்கள் என்று அவன் சொல்வான். அப்பாவோ அம்மாவோ ஒரு வார்த்தை சொன்னால் கேஸ் நிற்கும்."

எல்லோரும் திரும்பி முனியப்பனைப் பார்த்தோம். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், நாலு தலை தள்ளி, ராஜேந்திரன் எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முனியப்பண்ணா, சொல்லுங்க" என்றேன்.

"நான் சொல்லிட்டு, அப்புறம்?" என்றார் அவர். "இவன் நாளைக்கு வேலை இல்லேன்னுடுவான். சோறு யாரு போடுவாங்க? உங்க ஆபீஸுக்குப் போனா அவங்க ஆபீஸுக்குப் போன்னு சொல்வீங்க. சுரங்கம் மூடினதுலேர்ந்து அதானே நடக்குது. நடந்து நடந்து கால் தேஞ்சிபோச்சும்மா."

அவர் முன்னால் வந்தார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது.

"சார், நான் ஷாஃப்ட்ல டோக்கன் பாத்தவன். ஒரு டோக்கன் மிஞ்சிப்போனா மேனேஜர்கூட வீட்டுக்குப் போவமாட்டாரு. அது என் லெவல் இல்ல, உன் லெவல் இல்லன்னு ஒருத்தனும் சொன்னதில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எம்பொண்ணு டோக்கன் உங்க மூணு பேர்ல யார்கிட்ட கீது?"

நான் அதைக் கன்னடத்தில் சொன்னேன்.

"எங்கள் மூவரிடமும்தான்" என்றார் கல்வி அதிகாரி, நல்ல மனதோடுதான்.

முனியப்பன் தலையை ஆட்டினார். "மூணு பேர்கிட்டன்னா யார்கிட்டயும் இல்ல சார்."

வண்டி டேக்கல் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். இந்த மனுஷன் மாலூர் வரைக்கும் துடைப்பார் போலிருக்கிறதே என்று நான் மனதுக்குள் திட்டினேன். பிறகு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். நிற்க இடமில்லாததால் கொஞ்சம் வளைந்து நின்றார்.

"என்னிடம்" என்றார் தமிழில். அவருக்குத் தமிழ் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "உங்க பொண்ணு டோக்கன் என்கிட்ட. இந்த எட்டுப் பேரோடதும் என்கிட்ட. இவங்க ரெண்டு பேரும் இன்னிக்குச் செய்யவேண்டியதை என்கிட்ட சொல்வாங்க. செய்யலேன்னா நீங்க என் வீட்டுக்கு வந்து கேளுங்க."

பிறகு உட்கார்ந்து, இரண்டு அதிகாரிகளையும் பார்த்துக் கன்னடத்தில் பேச ஆரம்பித்தார். அப்பா, அந்தப் பேச்சு! ஆறு வருஷமாக மேஜைமேல் கையை வைத்திருந்தவரா இவர்? லேபர் அம்மா இன்றைக்கே பட்டறைக்குள் நுழைய வேண்டும், இரண்டு ஜில்லாவுக்கும் அவரே உத்தரவு போடவேண்டும். பிள்ளைகளின் வயசைக் கல்வி அதிகாரி இந்த இடத்திலேயே எழுதித் தரவேண்டும், நாளை அவர்கள் வகுப்பில் உட்கார வேண்டும், பள்ளிக்கூட அரிசி அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும். குடும்ப உதவித்தொகை எங்கள் துறையிலிருந்து, இந்த வாரமே. ஒருவர் சொல்ல மற்றவர் திருத்த, சண்டையும் வந்தது, சமாதானமும் ஆனது. ஃப்ளோரா மடியில் நோட்டை வைத்துச் சுருக்கெழுத்தில் பறந்தாள். மூன்று வாரம் மாடி ஏறி இறங்கின விஷயம் டேக்கலுக்கும் மாலூருக்கும் நடுவில் முடிந்துபோனது.

முனியப்பன் பல்லவியின் தலையில் கை வைத்தார். "சொல்றேன் சார். எழுதிக்கோங்க. எம்பொண்ணை நான் அனுப்பமாட்டேன்" என்றார் சத்தமாக. பெட்டியின் கோடிவரை கேட்டது.

கோடியில் இருந்த ராஜேந்திரனுக்கும் கேட்டது. அவன் முட்டிமோதி முன்னால் வருவதற்குள் வண்டி ஒயிட்ஃபீல்டைத் தாண்டிவிட்டது. வந்ததும், "பசங்களா, கண்டோன்மென்ட் வேணாம், கே.ஆர்.புரத்துல இறங்குறோம், பையை எடுங்க" என்றான். அங்கேதான் அவன் தப்புக் கணக்குப் போட்டான். கிருஷ்ணராஜபுரத்தில் இறங்க வேண்டியவர்கள் ஒயிட்ஃபீல்டிலேயே கதவுக்கு நகர்ந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் யாரும் நகர முடியாது. கிருஷ்ணராஜபுரத்தில் ஏறுகிற கூட்டம் கதவிலிருந்து உள்ளே அடித்துக்கொண்டு வரும். அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாகவே எல்லோரும் நின்றார்கள். இறங்கப்போன ராஜேந்திரனை அந்தக் கூட்டம் அப்படியே தூக்கிக்கொண்டுவந்து கங்கம்மாவின் காலடியில் விட்டது. "அய்யோ தேவரே, பாத்து குந்துப்பா" என்றாள் அவள்.

கண்டோன்மென்டில் ரயில்வே போலீஸ் நின்றிருந்தது. மாலூர் ஸ்டேஷன் மாஸ்டர் மூலம் சிரில் சொல்லியனுப்பியிருந்தார். வெளியே ஓனரின் வேன் காத்திருந்தது. அந்த வேனிலேயே அதிகாரிகள் மூவரும் போலீஸோடு ஏறிப் பட்டறைக்குப் போனார்கள். வழி காட்டினது பல்லவி, முன்சீட்டில், அப்பாவின் மடியில்.

பட்டறையில் இன்னும் பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள். சிலர் எந்த ஊர் என்றுகூடத் தெரியாமல் கோடவுன் மேலேயே மாதக்கணக்கில் கிடந்தவர்கள். கதவுக்குச் சீல் வைத்தார்கள். ஓனர் எங்கேயோ போன் போட்டான், எந்த மாடியிலிருந்தும் அவனுக்கு ஒத்தாசை வரவில்லை. எல்லா மாடிகளும் அவன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தன. மத்தியானம் நான் டைப் அடித்த ஒரே தாளில் மூன்று துறைகளின் முத்திரையும் விழுந்தது. மை காயும்வரை நான் அதைக் கீழே வைக்கவில்லை.

ஊர் தெரியாத பிள்ளைகளை எங்கள் துறை விடுதியில் சேர்த்துவிட்டு, மற்றவர்களோடு சாயங்கால வண்டியில் ஏறினோம். எங்கள் சாரும் ஏறினார். அவர் வரவேண்டிய அவசியமே இல்லை. செய்தி எங்களுக்கு முன்னால் ஓடிவிட்டிருந்தது. மாலூரில் யாரோ வாழைப்பழச் சீப்பு நீட்டினார்கள். பங்காரப்பேட்டையில் பெட்டி பெட்டியாக ஜனம் வந்து எட்டிப் பார்த்தது. கோரமண்டலிலும் சாம்பியனிலும் பழைய சுரங்கத் தொழிலாளிகள் பிளாட்பாரத்தில் கூடி நின்று, ஸ்டிரைக் காலத்தில் கோஷம் போடுகிற தொண்டையோடு கத்தினார்கள். சுரங்கம் மூடின நாளிலிருந்து அந்த ஊர் அப்படிக் கத்தி நான் கேட்கவில்லை. நானும் கத்தினேன். ஃப்ளோரா அழுதுகொண்டே கத்தினாள். பிள்ளைகளை எமர்ஜென்சி ஜன்னல் வழியாகவே தூக்கி இறக்கினார்கள். சிரில் கொடியை மறந்துவிட்டு இறங்கிவந்து நின்றதால், சாம்பியனில் வண்டி அன்று தாமதம்.

அதன்பிறகு மாதத்தின் முதல் திங்கட்கிழமை மூன்று அதிகாரிகளும் எங்கள் ரயிலில் வரவேண்டும் என்று வழக்கமாயிற்று. யார் வீட்டில் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை, யாருக்கு உதவித்தொகை நின்றுபோனது என்று பெட்டி சொல்லும், அவர்கள் அங்கேயே முடிப்பார்கள். மேலிடத்திலிருந்து ஒருவர், எந்த அரசாணையின்படி இந்தக் கூட்டம் நடக்கிறது என்று எழுதிக் கேட்டார். எங்கள் சார் என்னைக் கூப்பிட்டு, "கர்சீப் ஆணையின்படி என்று எழுதலாமா அம்மா?" என்றார். வேண்டாம் சார் என்றேன். அடுத்த மாதம் அந்த மேலிடத்துக்காரருக்கும் ஒரு டூர் புரோகிராம் போட்டோம், கர்சீப்பும் போட்டோம்.

பட்டறை பூட்டிய அந்த வாரமே, ஆபீஸ் லீவான இரண்டாம் சனிக்கிழமையன்று, விடிந்ததுமே முனியப்பன் வீட்டுக்குப் போனேன். உதவித்தொகை வந்ததா என்று கேட்கத்தான் போனேன். வந்துவிட்டது. அடுப்பில் ஏதோ கொதித்தது. பல்லவி கூடத்தின் நடுவில் பாயில் கைகால் பரப்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். கரி இன்னும் முழுக்கப் போகவில்லை.

"ஏ பல்லவி, ஆன்ட்டி வந்துகீறாங்க பாரு, எய்ந்திரு" என்று அவள் அம்மா உலுக்கப் போனாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அந்த நேரம் மாரிகுப்பம் பக்கமிருந்து காலைப் பாசஞ்சரின் ஊதல் கேட்டது. கிளம்பப் போகிறது. அம்மாவும் நானும் சட்டென்று பல்லவியைப் பார்த்தோம்.

அவள் புரண்டு படுத்தாள். போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டாள். ரயில் போய்விட்டது.